தாழ்சுர ஒலிபெருக்கியின் முனைமையைப் பொருத்துதல்

சித்தூர் வட்டத்து நல்லேப்பிள்ளியில் பள்ளி ஆண்டு விழாவாயினும் கோயில் திருவிழாவாயினும், மைக் செட் இன்றி நிகழ்வது அரிது. திடலில் மேடை அமைத்து, இருபுறமும் கம்பங்களில் பிரதான ஒலிபெருக்கிகளைக் கட்டி, மேடையடியில் சப்வூஃபர் எனப்படும் தாழ்சுர ஒலிபெருக்கிகளை வைப்பர். பெட்டி ஒருவரிடமும் பெருக்கி மற்றொருவரிடமும் வாடகைக்குப் பெறப்படுவதுண்டு. அங்ஙனம் சேர்ந்த அமைப்பில், மிருதங்கத்தின் தொப்பி முழக்கம் மேடையருகே கேட்டு, பத்தாம் வரிசையில் மறைந்துபோவதைக் காணலாம். மைக் செட்டுக்காரர் திறன் போதவில்லை என எண்ணிப் பெருக்கியை ஏற்றுவார். 3 டெசிபல் கூட்டுவதற்குத் திறனை இருமடங்காக்க வேண்டும். 6 டெசிபலுக்கு நான்கு மடங்கு. முழக்கம் மீளுமுன் கம்பிச்சுருள் கருகிவிடும். உண்மைக் குறை பெரும்பாலும் இரண்டு கம்பிகள் இடம் மாறியிருத்தலேயாகும்.

இரு கூம்புகளும் ஒரே கணத்தில் வெளிப்புறம் தள்ளினால் காற்றழுத்தங்கள் கூடுகின்றன. ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால் ஒன்றையொன்று அழிக்கின்றன. சம வலிவுள்ள இரு ஒலிகள் ஒரே கட்டத்தில் சேர்ந்தால் 6 டெசிபல் உயர்வு கிட்டும். எதிர்க்கட்டத்தில் சேர்ந்தால் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. இரு பெட்டிகளும் ஒருங்கே ஒலிக்கும் பிரிப்பு அதிர்வெண்ணில்தான், அதாவது சுமார் 80 ஹெர்ட்ஸில், இவ்விழப்பு மிகும்.

முதற் சோதனைக்கு 1.5 வோல்ட் மின்கலம் ஒன்று போதும். பெருக்கியைக் கழற்றிவிட்டு, மின்கலத்தின் நேர்முனையைப் பெட்டியின் சிவப்பு முனையிலும் எதிர்முனையைக் கருப்பு முனையிலும் ஒரு கணம் தொடுக. கூம்பு வெளிப்புறம் நகர்தல் வேண்டும். பழைய அமெரிக்க ஒலிபெருக்கிகள் சிலவற்றில் உட்புறம் நகரும். அது பழுதன்று, அக்காலத்து வழக்கம். மின்கலத்தை உச்சசுரக் கொம்புகளில் தொடுதல் கூடாது. மூன்று முனைச் செருகிகளிலும் இத்தகைய குழப்பம் இருந்தது. இரண்டாம் முனையே நேர்முனை என 1992-ஆம் ஆண்டின் தரநிலை வகுத்தது. அதற்கு முற்பட்ட கருவிகளில் மூன்றாம் முனை நேர்முனையாக இருக்கக்கூடும்.

கம்பிகள் சரியாயிருந்தும் முழக்கம் குன்றுவதுண்டு. இங்குதான் பலர் இடறுகின்றனர். முனைமை வேறு, கட்டம் வேறு. வெப்பநிலை 30 பாகையாக இருக்கையில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் செல்லும். எனவே 80 ஹெர்ட்ஸின் அலைநீளம் 4.36 மீட்டர். கம்பத்துப் பெட்டியினும் மேடையடிப் பெட்டி கேட்போருக்கு 2.2 மீட்டர் அருகில் இருப்பின், அரை அலை வேறுபாடு நேர்ந்து, நேரிய இணைப்பே அழிவை விளைவிக்கும். பிரிப்புச் சுற்றும் கட்டத்தை மாற்றும். லிங்க்விட்ஸ்–ரைலி வகையில் ஆக்டேவுக்கு 12 டெசிபல் சரிவுள்ளதாயின், இரு பகுதிகளும் 180 பாகை விலகி நிற்பதால் ஒன்றை மாற்றி இணைத்தல் வேண்டும். 24 டெசிபல் சரிவுள்ளதாயின் மாற்றல் ஆகாது.

ஆதலின் இறுதித் தீர்ப்பு திடலில்தான். ஒருபுறத்துப் பெட்டிகளை மட்டும் இயக்கி, பிரிப்பு அதிர்வெண்ணில் ஒற்றைச் சுரத்தை மிதமாக ஒலிக்கச் செய்க. நீண்ட சுரம் சுருளைச் சூடாக்கும். கேட்போர் நடுவே கைப்பேசியின் ஒலிமானியைச் ‘சி’ நிறையில் வைக்க. ‘ஏ’ நிறை 80 ஹெர்ட்ஸை ஏறத்தாழ 22 டெசிபல் குறைத்துக் காட்டும். முதலில் பெட்டிகளைத் தனித்தனியே அளந்து சமப்படுத்துக; பின்னர்ச் சேர்த்து இயக்கி, சப்வூஃபரின் முனைமையை மாற்றி இருமுறை அளக்க. எது உரத்ததோ அதுவே ஏற்றது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாயின் கட்டம் 90 பாகையளவு விலகியுள்ளது. அப்பொழுது அருகிலுள்ள பெட்டிக்குத் தாமதம் கொடுத்தல் வேண்டும். ஆயிரத்தில் ஒரு நொடித் தாமதம் 35 சென்டிமீட்டர் பின்தள்ளியதற்குச் சமம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாக வீசும் நேரத்தில் அளவுகள் தடுமாறும். காற்றடங்கிய விடியற்பொழுதே நன்று. ஆயினும் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தடைசெய்வதை நினைவில் கொள்க.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். ஒரே வகையான இரு சிறு ஒலிபெருக்கிகளை முகத்தோடு முகம் விரற்கடை இடைவெளியில் நிறுத்தி, தாழ்சுரம் மிக்க பாடலை இரண்டிற்கும் ஒன்றாகவே செலுத்துக. ஒன்றின் கம்பிகளை மாற்றியவுடன் முழக்கம் வற்றி, மெல்லிய உச்சசுரமே எஞ்சும். மெல்லப் பிரித்து நகர்த்தும்போது முழக்கம் திரும்பும் தொலைவை மாணவர் அளந்து குறித்துக்கொள்ளட்டும்.