துர்உபதேசத்துக்குப் போலீஸ் மனுவா?

கேள்வி: எங்கள் ஊரில் புதிதாக வந்த ஊழியக்காரர் ஒருவர் வீட்டுக்கூட்டம் நடத்துகிறார். விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்கிறார். அதைக் கேட்டு எங்கள் சபைப் பாட்டி ஒருவர் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். இந்தத் துர்உபதேசத்தை அரசாங்கம் தடை செய்யக் கூடாதா? சபையார் போலீசில் மனு கொடுக்கலாமா?
- ஒரு வாசகர், நாகலாபுரம்

பதில்: சகோதரரே, முதலில் பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். சர்க்கரை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து, டாக்டர் சொல்கிறபடி மாத்திரையைத் தொடங்க வையுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

உபதேசம் தவறு என்பதற்காக அரசைக் கூப்பிடாதீர்கள். பக்கத்திலிருக்கும் திருமலையே இதற்குப் பாடம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கோயிலைக் கிழக்கிந்தியக் கம்பெனியே நிர்வகித்தது. கிறிஸ்தவ அரசு விக்கிரக ஆராதனைக்குத் துணைபோவதா என்று மிஷனரிமார் கொதித்தார்கள். 1836இல் சென்னை பிஷப் டேனியல் கோரி அவர்களுடைய மனுவை அரசுக்கு அனுப்பினார். 1843இல் கம்பெனி விலகி, ஹாதிராம்ஜி மடத்திடம் நிர்வாகத்தை ஒப்படைத்தது. அரசு கையெடுத்தால் கோயில்கள் தாமே சரிந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். திருமலை சரியவில்லை. மனதில் வேரோடியதை அரசு உத்தரவு பிடுங்காது.

பின்னர் 1933இல் திருமலை தேவஸ்தானத்துக்குத் தனிச் சட்டம் வந்தது. உங்கள் ஊர் வேதநாராயண சுவாமி கோயிலும் இன்று தேவஸ்தான நிர்வாகத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் சட்டத்தின் கைக்கு எல்லை உண்டு. 1954இல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை வகுத்தது: சொத்து நிர்வாகத்தைச் சட்டம் ஒழுங்குபடுத்தலாம், எந்தச் சடங்கு அவசியம் என்பதை அந்தந்தச் சமயப் பிரிவே முடிவு செய்யும். அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு தரும் சமயச் சுதந்திரமும் பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டதே. ஆகவே நோயாளியைப் பூட்டி வைத்தாலோ, குழந்தைக்கு வைத்தியம் செய்யவிடாமல் தடுத்தாலோ, தயங்காமல் போலீசுக்குப் போங்கள். உபதேசத்தின் சரி தவறை மட்டும் அங்கே கொண்டுபோகாதீர்கள். இன்று அந்த ஊழியக்காரருடைய பிரசங்கத்தை எடைபோடும் இன்ஸ்பெக்டர், நாளை நம் ஜெபத்தையும் எடைபோடுவார்.

உபதேசத்தைத் திருத்துவது சபையின் வேலை. அப்பொல்லோவின் போதனையில் குறை கண்ட ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும், அவனைத் தங்களிடம் சேர்த்துக்கொண்டு விளக்கிச் சொன்னார்கள். நீங்களும் போதகரோடு போய் அந்த ஊழியக்காரரைச் சாப்பிட அழையுங்கள். வேதத்தைத் திறந்து பேசுங்கள். பவுலின் உடன் ஊழியன் லூக்கா வைத்தியன். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுலே கைமருந்து சொல்லியிருக்கிறார். ஊழியக்காரர் கேட்காவிட்டாலும், பாட்டி கேட்பார். அடுத்த கூட்டத்தில் பாட்டிக்காக ஜெபித்துவிட்டு, அன்றிரவு மாத்திரை போட்டாரா என்றும் விசாரியுங்கள்.