வெளிநாட்டுக் கொள்கையும் நம் மலைநாடும்

நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தார் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனக் கேட்டபொழுது, தமிழாசிரியனாகிய யான் இலக்கியம் பற்றியே எழுதுவேன் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். ஆயினும், சென்ற தவணையில் அரசறிவியல் ஆசிரியர் மூன்று வாரம் விடுமுறையிற் சென்றிருந்தபோது, உயர்தர வகுப்பில் அவர்தம் பாடத்தை யான் நடத்த நேர்ந்தது. 'சர்வதேச உறவுகள்' என்பது பாடம். இறைமை, தேசிய நலன், வலுச்சமநிலை எனக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கையில், பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், இதெல்லாம் டில்லியிலயும் கொழும்பிலயும் இருக்கிறவங்க விஷயம், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு என்னத்துக்கு?" என்று வினவினான். வகுப்பு நகைத்தது. எனக்கு நகை வரவில்லை. அன்று அவனுக்கு யான் கூறிய விடையையே ஈண்டுச் சிறிது விரித்தெழுதுகின்றேன்.

முதலில் அரசு என்பது யாது என்பதைத் தெளிதல் வேண்டும். 1933 ஆம் ஆண்டில் மொண்டிவிடியோ நகரிற் செய்யப்பட்ட உடன்படிக்கை அதற்கு நான்கு இலக்கணங் கூறுகின்றது: நிலையான குடிகள், வரையறுத்த நிலம், ஆட்சி, பிற அரசுகளோடு உறவு கொள்ளும் ஆற்றல். இந்நான்கும் உடையதே உலக மன்றத்திற் பேசும் வாய் உடையது. ஓர் இனமோ தொழிலாளர் கூட்டமோ எத்துணைப் பெரிதாயினும், தனக்கென ஓர் அரசு இல்லையாயின் அதன் பொருட்டுப் பிறரே பேசுவர். மாணவர்கள் நான்காம் இலக்கணத்தை மனனஞ் செய்து கடந்துவிடுகின்றனர். நம் மலைநாட்டார் கதை முழுவதும் அதனுள்ளேயே அடங்கியுள்ளது.

இனி வெளிநாட்டுக் கொள்கை. தன் நலத்தைப் பிற அரசுகளிடையே காத்துக்கொள்ள ஓரரசு வகுத்துக்கொள்ளும் நெறியே அது. தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. திருக்குறட் பொருட்பால் வலியறிதலையும் காலமறிதலையும் தூதினையும் தனித்தனி அதிகாரமாக்கி உரைத்துள்ளது. வடமொழி அர்த்தசாஸ்திரமோ இன்னும் வெளிப்படையாக, எல்லையை அடுத்துள்ள அரசன் இயல்பான பகைவன் என்றும், அவனுக்கு அப்பாலுள்ளவன் இயல்பான நண்பன் என்றும் மண்டலக் கணக்கு வகுக்கின்றது. இக்கணக்கு கசப்பானது, ஆயினும் இலங்கையின் முதற் பத்தாண்டுகளை நோக்கின் பொய்யென்று தள்ளுதற்கில்லை. சுதந்திரம் பெறுமுன்னரே, 1947 நவம்பரில், நம் நாடு பிரித்தானியாவுடன் பாதுகாப்பு உடன்படிக்கை செய்தது. 1952 இற் சீனாவுடன் இறப்பருக்கு அரிசி என்னும் பண்டமாற்று ஒப்பந்தம் செய்தது. அருகிலுள்ள பெரியவனைக் கண்டு அஞ்சுவோன் தொலைவிலுள்ளவனோடு நட்புக் கொள்ளுதல் இயல்பே.

அப்பெரியவனாகிய பாரதம் அக்காலத்தில் எழுச்சியுறும் தேசமாக விளங்கிற்று. பொருள்வளமும் படைவலியும் குறைவு, நன்மதிப்போ மிகுதி. நேரு அவர்கள் அமெரிக்க அணியிலும் சோவியத் அணியிலும் சேராத நெறியைக் கைக்கொண்டார். 1954 ஏப்ரில் 29 இற் சீனாவுடன் செய்த ஒப்பந்தத்திற் பஞ்சசீலம் இடம்பெற்றது. ஒருவர் ஆட்புலத்தையும் இறைமையையும் மற்றவர் மதித்தல், தாக்காமை, உள்விவகாரத்தில் தலையிடாமை, சமத்துவமும் பரஸ்பர நலனும், சமாதான சகவாழ்வு என்பன அவ்வைந்தாம். அதே வேளையில் இந்தியா, இலங்கை, பர்மா, பாகிஸ்தான், இந்தோனேசியா ஆகிய ஐந்து நாடுகளின் பிரதமர்கள் கொழும்பிலும் நம் கண்டியிலும் கூடியிருந்தனர். மறு ஆண்டு பாண்டுங் மகாநாட்டுக்கு வித்திட்டது அக்கூட்டமே. நாவலப்பிட்டியிலிருந்து பேருந்தேறிக் கண்டிக்குச் செல்லும் மாணவர்கள் இதனையும் நினைவிற் கொள்ளல் நன்று.

ஐந்து சீலங்களுள் மூன்றாவதை மீண்டும் நோக்குக: உள்விவகாரத்தில் தலையிடாமை. வலிய நாட்டின் கரத்தைத் தடுக்கும் உயரிய நெறி அது. ஆனால் ஒரு நாட்டிற் பிறந்து மறு நாட்டில் உழைக்கும் மக்களுக்கு அது என்ன செய்யும்?

1946 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இலங்கையில் இந்தியத் தமிழர் எனக் குறிக்கப்பட்டோர் ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர். 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. அவ்வேழில் ஒன்று நம் நாவலப்பிட்டி, திரு. கே. இராஜலிங்கம் அவர்கள் இவ்வூரிலிருந்து பாராளுமன்றஞ் சென்றார். மறு ஆண்டே 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமும், வாக்குரிமையைப் பிரசைகளுக்கே உரியதாக்கிய திருத்தமும் வந்தன. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தனர். ஈற்றிற் பெற்றோர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் அவ்வேழு ஆசனங்களுள் ஒன்றேனும் மிஞ்சவில்லை. தந்தையார் வாக்களித்த சாவடிக்கு மைந்தர் போக வழியில்லாதாயிற்று.

இம்மக்கள் யார்? இலங்கையர் அல்லாதார் அனைவரும் இந்தியரே என்றது கொழும்பு. இந்தியப் பிரசாவுரிமையைத் தாமே விரும்பிக் கேட்டுச் சட்டப்படி தகுதி பெறுவோரே இந்தியர். ஏனையோர் இலங்கையின் பொறுப்பு என்றது டில்லி. 1954 ஜனவரி 18 இல் நேரு–கொத்தலாவலை ஒப்பந்தம் கைச்சாத்தானது. இவ்வடிப்படைப் பிணக்கோ தீரவில்லை. நேருவின் நிலைப்பாட்டில் ஒரு நேர்மை இருந்தது: மனிதரை அவர்தம் இசைவின்றி ஒரு நாட்டிலிருந்து மறு நாட்டுக்குத் தள்ளலாகாது என்பது அது. ஆனால் அந்நேர்மை லயத்தில் இருந்தோர்க்கு வாக்குச்சீட்டும் தரவில்லை, கடவுச்சீட்டும் தரவில்லை. 'நாடற்றவர்' என்னும் சொல் அவர்க்குப் பெயராயிற்று.

பின்னர் 1962 வந்தது. பஞ்சசீலத்தில் உடன் கைச்சாத்திட்ட சீனாவே இமயத்திற் படை நடத்தியது. இந்தியாவின் கொள்கை அவ்வாண்டோடு மாறத் தொடங்கிற்று. உலகுக்கு அறம் உரைப்பதிலும் அயலாரை இணக்கமாக வைத்துக்கொள்வதே உடனடித் தேவையென டில்லி உணர்ந்தது. இலங்கையின் நிலையோ அதற்கேற்ப உயர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் இந்திய சீனப் பிணக்கைத் தீர்க்கும் பொருட்டு ஆறு அணிசேரா நாடுகளைக் கொழும்பிற் கூட்டியவர் நம் பிரதமர் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா அவர்கள். சிறிய நாடொன்று நடுவராக நின்று பெரிய நாட்டைத் தன்பால் நாடச்செய்வதை இராஜதந்திரம் என்போம்.

1964 மே 27 இல் நேரு மறைந்தார். லால் பகதூர் சாஸ்திரி பிரதமரானார். ஐந்து மாதங்கழித்து, ஒக்டோபர் 30 இல், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் டில்லியிற் கைச்சாத்தானது. நாடற்றோர் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் எனக் கணிக்கப்பட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதெனவும், எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதெனவும் முடிவாயிற்று. ஏழுக்கு நான்கு என்னும் விகிதம். பதினைந்து ஆண்டுக் காலம். எஞ்சியோரை 1974 ஜனவரியில் இந்திரா காந்தி அவர்களும் சிறிமாவோ அவர்களும் ஆளுக்கு 75 ஆயிரமாகப் பங்கிட்டனர். கணக்குச் சரியாகவே உள்ளது. வகுப்பில் இக்கணக்கை எழுதிக் கூட்டிக் காட்டியபோது மாணவர் எவரும் பேசவில்லை.

சாஸ்திரியாரை யான் பழிக்கவில்லை. தம் நாட்டு நலத்தை அவர் பேணினார். சிறிமாவோ அவர்களும் அவ்வாறே. இருவரும் தத்தம் அரசுக்குரிய கடமையைச் செவ்வனே ஆற்றினர் என்பதுதான் இதிலுள்ள துயரம். அம்மேசையில் மூன்றாவது நாற்காலி இருக்கவில்லை. தம் மக்களைக் கலந்துகொள்ளாது செய்த ஒப்பந்தமென்று திரு. தொண்டமான் அவர்கள் கண்டித்தார். முன் கூறிய நான்காம் இலக்கணத்தை இங்கே பொருத்திப் பார்க்க.

பின்னர் விண்ணப்பங் கோரியபோது, 1970 ஏப்ரில் 30 ஆந் திகதி முடிவதற்குள் இலங்கைப் பிரசாவுரிமை வேண்டியோர் சுமார் 7 இலட்சம் பேர். இந்தியா வேண்டியோர் சுமார் 4 இலட்சம் பேர். மக்களின் விருப்பும் ஒப்பந்தத்தின் விகிதமும் எதிரெதிர்த் திசையில் நின்றன. ஆயினும் 1973, 1974 ஆம் ஆண்டுகளிற் தோட்டங்களிற் பசி வந்தது. இலங்கையையே விரும்பியிருந்தோரும் கப்பலேறலாமென எண்ணத் தலைப்பட்டனர்.

என் தந்தையைப் பெற்ற பாட்டியார் அவ்வாண்டுகளைப் பற்றி அடிக்கடி கூறுவார். அவர்தம் தமையனார் குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. பாட்டியார் குடும்பமோ இலங்கைக்கு எழுதியிருந்தது. ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் இருந்தோர் இரு தேசத்தாராயினர். 1874 இற் கோப்பியை இறக்கவென இவ்வூருக்கு வந்த புகையிரதப் பாதைதான் அவர்களையும் இறக்கிற்று. நாவலப்பிட்டி நிலையத்தில் ஏறிப் பொல்காவலை, மதவாச்சி வழியாகத் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். 'அழுகைக் கோச்சி' என்பார் பாட்டியார். தமையனார் ஒரு தகரப் பெட்டியும், அம்மியின் குழவிக்கல்லும் கொண்டு போனாராம். அம்மி கனமென்று இங்கேயே விட்டுச் சென்றார். குழவியில்லாத அவ்வம்மி எங்கள் வீட்டுப் பின்புறத்தில் இன்றும் கிடக்கின்றது.

அவர்கள் நீலகிரியிற் கூடலூர்ப் பக்கம் குடியேறினர். தாயகம் திரும்பியோர்க்கென்றே தமிழ்நாட்டரசு அங்குத் தேயிலைத் தோட்டங்களை அமைத்திருந்தது. தேயிலையிலிருந்து மீண்டும் தேயிலைக்கே. இங்கே குடிமதிப்பில் நாம் இந்தியத் தமிழர். அங்கே ஊரார் வாயில் அவர்கள் சிலோன்காரர்.

இன்றைய நிலையையும் சிறிது கூறல் வேண்டும். எழுச்சியுறும் தேசமென அன்று சொல்லப்பட்ட பாரதம் இன்று மெய்யாகவே உயர்ந்து நிற்கின்றது. 2023 இல் ஜி-20 நாடுகளுக்குத் தலைமை தாங்கிற்று. 'அயலார் முதல்' என்பது அதன் இக்காலக் கொள்கை. 2017 மே மாதத்திற் பிரதமர் மோடி அவர்கள் டிக்கோயா மருத்துவமனையைத் திறந்துவைத்து, நோர்வூட்டிற் கூடிய நம் மக்கள்முன், முன்னர் ஏற்ற 4 ஆயிரம் வீடுகளோடு மேலும் 10 ஆயிரம் வீடுகள் அமைக்கப்படுமென அறிவித்தார். 2022 இல் நாடு எரிபொருளும் மருந்துமின்றித் தவித்தபொழுது ஏறத்தாழ 400 கோடி டொலர் பெறுமதியான உதவி அங்கிருந்து வந்தது. 2017 இலேயே அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீனக் கம்பெனியொன்றுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போயிற்று என்பதையும் இதனோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். பழைய மண்டலக் கணக்கு இன்னும் நடைபெறுகின்றது. உதவியில் நலநோக்கு உண்டென்பதற்காக அதனை இகழ வேண்டுவதில்லை. அரசுகள் அவ்வாறுதான் கொடுக்கும். கொடுப்பது எதற்கு, பேசுவது யாரை வைத்து என்று கேட்கும் அறிவு நம் பிள்ளைகளுக்கு வேண்டும். அப்பாடத்தை யான் விருப்புடன் நடத்தியதற்கு அதுவே காரணம்.

எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 1988 இலும், முடிவாக 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தாலும் இலங்கைப் பிரசாவுரிமை கிடைத்தது. அச்சட்டம் யாருக்குரியது எனப் பார்க்க: 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் சந்ததியார்க்கும். டில்லியிற் கையெழுத்து விழுந்த அதே நாள்!

இலங்கைக்கு எழுதியும் ஏதோ ஒரு கோவையிற் பெயர் தவறிப்போய் முப்பதாண்டுக்கு மேலாக நாடற்றவராகவே இருந்த என் பாட்டியார் அச்சட்டத்தின் கீழ்ப் பெயர் கொடுத்தார். படிவத்தை நிரப்பியவன் ஆசிரியப் பயிற்சிக்குச் செல்லவிருந்த யான். "அறுபத்து நாலு ஒக்டோபர் முப்பதாந் திகதி எங்கே இருந்தீங்க?" என்று கேட்டேன். சிறிது யோசித்து, "எங்கே இருப்பேன், மலையிலதான், கொழுந்து எடுத்துக்கிட்டிருந்திருப்பேன்" என்றார்.

பின்வரிசை மாணவன் அதன்பின் வேறொரு வினா எழுப்பினான்: "அந்தக் கையெழுத்தப் பத்தி அவங்களுக்கு எப்ப சேர் தெரியவந்துச்சு?" அதனைப் பாட்டியாரிடம் யான் கேட்டதில்லை, இனிக் கேட்பதற்கு அவரும் இல்லை.