கணினிக் கணக்கா, கண் பார்வையா?

வயிற்றில் பெல்ட் கட்டி, குழந்தையின் இதயத்துடிப்பைத் தாளில் கோடாக எழுதும் சிடிஜி கருவியைக் கர்ப்பிணிகள் பலர் பார்த்திருப்பார்கள். அந்தக் கோட்டை மருத்துவர் கண்ணால் படித்தால் போதுமா, கணினியிடம் கொடுக்க வேண்டுமா? பிரசவ வலி தொடங்கிவிட்டதா என்பதைப் பொறுத்தே பதில் மாறும்.

வலிக்கு முன் என்றால் என் ஓட்டு கணினிக்கே. ஆக்ஸ்ஃபோர்டில் ஜெஃப்ரி டாஸும் கிறிஸ்டோபர் ரெட்மனும் உருவாக்கிய முறை, ஒரு நிமிடப் பதிவை 3.75 விநாடி கொண்ட 16 துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டிலும் துடிப்புகளுக்கு இடையிலான சராசரி நேரத்தைக் கண்டு, அடுத்த துண்டோடு ஒப்பிடுகிறது. இந்த வித்தியாசங்களின் சராசரிதான் எஸ்டிவி. அது 3 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்கினால் ஆக்ஸிஜன் பற்றாக்குறையைச் சந்தேகிக்க வேண்டும். எவ்வளவு தேர்ந்த கண்ணுக்கும் இந்த நுட்பம் எட்டாது. ஒரே தாளை இரு மருத்துவர்கள் இருவிதமாகப் படிப்பதும் சாதாரணம். பிரிட்டனில் தாள் நிமிடத்துக்கு 1 செ.மீ. ஓடுகிறது, அமெரிக்காவில் 3 செ.மீ.; அதே துடிப்பு இரண்டிலும் வேறு வேறாகத் தெரியும்.

குறிப்பாக, 32 வாரத்துக்குள் வளர்ச்சி குன்றிய குழந்தைக்குக் கணினியைக் கேட்டுப் பெறுங்கள். ஐரோப்பாவின் ‘ட்ரஃபிள்’ ஆய்வு, பிரசவம் பார்க்க முடிவெடுக்கும் எல்லையாக 29 வாரத்துக்கு முன் 3.5, பின் 4 மில்லிசெகண்டை வைத்தது. கணினி 10 நிமிடத்திலேயே ‘சரி’ சொல்லலாம். சொல்லாவிட்டால் பதறி பெல்ட்டைக் கழற்றக் கூடாது. தூங்கும் குழந்தை 40 நிமிடம்கூட அடங்கியிருக்கும். 60 நிமிடம் வரை ஓடியும் ‘சரி’ வராவிட்டால், மருத்துவர் உடனே பார்த்தாக வேண்டும்.

வலி வந்தபின் கதை வேறு. டாஸ்-ரெட்மன் கணக்கு பிரசவ அறைக்கானதே அல்ல. அங்கே எச்சரிக்கை தரும் வேறொரு மென்பொருளை பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சுமார் 46,000 தாய்மார்களிடம் சோதித்த ‘இன்ஃபன்ட்’ ஆய்வு 2017-இல் வெளியானது. மென்பொருள் இருந்த பக்கமும் இல்லாத பக்கமும் குழந்தைகளுக்கு நேர்ந்த மோசமான விளைவு ஒரே 0.7 சதவீதம். எனவே பிரசவ அறைக்குப் பணம் ஒதுக்கும் மருத்துவமனை, செவிலியர் பயிற்சிக்கும், மணிக்கொருமுறை இன்னொருவர் வந்து தாளைப் பார்க்கும் ஏற்பாட்டுக்கும் முதலில் செலவிடட்டும். தாய்க்குக் காய்ச்சல், பனிக்குட நீர் பச்சையாக வருகிறது, வலிக்கு மருந்து ஏறுகிறது என்பதையெல்லாம் சேர்த்து எடைபோட ஆள்தான் வேண்டும். தாயின் நாடியையே குழந்தையின் துடிப்பாகக் கருவி எழுதிவிடுவதும் உண்டு. கையைப் பிடித்து நாடி பார்த்தால் தெரிந்துவிடும்.

எந்த முறையில் ‘சரி’ என்று வந்தாலும், பிறகு குழந்தையின் அசைவு குறைந்தால் அன்றே திரும்பப் போங்கள்.