சமன்பாடும் அசமன்பாடும்: பயம் எதுக்கு நண்பா?



லேத்தில் கை நடுங்காத நம் ஆட்கள், கணக்குப் பேப்பரைக் கண்டால் மட்டும் நடுங்குகிறார்கள். வொர்க்‌ஷாப்பிலும் டிராயிங்கிலும் நல்ல மார்க் வாங்கிவிட்டு, கணக்கில் வைத்த ஒரே ஒரு அரியரால் டிப்ளமோ கைக்கு வராமல் தவிக்கும் சீனியர்களை நாம் எல்லோரும் அறிவோம். சங்கத்தின் மாலை வகுப்பில் முதலாண்டு மாணவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போட்டதில் நான் கண்டது இதுதான்: மார்க் போவது பெரும்பாலும் கால்குலஸில் அல்ல, அதற்குள்ளே வரும் நாலு வரிச் சமன்பாட்டில். எனவே அடியிலிருந்தே பார்த்துவிடுவோம். எக்ஸுக்குப் பதில் 'க' என்று போடுகிறேன்.

1. தராசை மறக்காதே

3க + 7 = 22. "அந்தப் பக்கம் போனா சைன் மாறும்" என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். உண்மையில் எதுவும் எங்கேயும் போவதில்லை. சமன்பாடு என்பது நேராக நிற்கும் தராசு. இரு தட்டிலும் 7-ஐ எடுத்தால் 3க = 15. இரு தட்டையும் 3-ஆல் வகுத்தால் க = 5. மனப்பாடத்தை மட்டும் நம்புகிறவர் இந்த 3-ஐயும் சைன் மாற்றி அனுப்பி, க = 15 − 3 = 12 என்று எழுதிவிடுவார். தராசை நினைத்தால் அது நடக்காது.

இந்த '=' குறியை 1557-இல் அச்சில் கொண்டுவந்தவர் ராபர்ட் ரெக்கார்ட். சம நீளமுள்ள இரண்டு இணைகோடுகள். அதுவே தராசின் இரு தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. தெரியாததால் வகுக்காதே

க² = 5க. இருபுறமும் க-வை அடித்துவிட்டு, க = 5 என்று முடித்தால் பாதி மார்க் போச்சு! க பூஜ்யமாகவும் இருக்கலாமே? பூஜ்யத்தால் வகுக்க முடியாது. சரியான வழி: க² − 5க = 0; அதாவது க(க − 5) = 0. ஆகவே க = 0 அல்லது க = 5.

3. குறி திரும்பும் இடம்

அசமன்பாடு என்பது சாய்ந்த தராசு. கூட்டலாம், கழிக்கலாம்; சாய்வு மாறாது. மைனஸ் எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ மட்டும் குறி திரும்பும். ஏன்? 2 < 5. இரண்டையும் −1-ஆல் பெருக்குங்கள்: −2, −5. இப்போது பெரியது −2. எண்கோடே கண்ணாடியில் பார்த்தது போல இடவலமாகிவிட்டது, அவ்வளவுதான்.

−2க + 9 > 3 என்றால் −2க > −6. எனவே க < 3. சந்தேகமா? க = 2 என்று போடுங்கள்: 5 > 3, சரி. க = 4 என்று போடுங்கள்: 1 > 3, தவறு. அரை நிமிஷ வேலை. தேர்விலும் இதைச் செய்யுங்கள்.

4. விடை வேலைக்கு ஆகுமா?

230 வோல்ட் சப்ளையில் 5 ஆம்பியர் வரை ஏற்றலாம் என்ற சர்க்யூட். அதாவது 1150 வாட். அதில் 750 வாட் இஸ்திரிப் பெட்டி ஓடுகிறது. மேற்கொண்டு 60 வாட் பல்பு எத்தனை போடலாம்?

750 + 60க ≤ 1150
60க ≤ 400
க ≤ 6.67

"அஞ்சுக்கு மேல இருந்தா அடுத்த எண்" என்று 7 போட்டால் 1170 வாட், ஓவர்லோட். விடை 6 தான்.

இன்னொன்று. தொழிற்சாலைச் சுற்றுலாவுக்கு 200 பேர். பஸ்ஸுக்கு 48 சீட். 48க ≥ 200, க ≥ 4.17. இங்கே கீழே இறக்கி 4 என்று எழுதினால் 8 பேர் கேட்டில் நிற்பார்கள். 5 பஸ் வேண்டும். முன்னதில் இறக்கினோம், இதில் ஏற்றினோம். தீர்மானித்தது தசமப் புள்ளி அல்ல, அசமன்பாட்டின் குறி.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு அசமன்பாடுதான் சோறு போடுகிறது. 25 மி.மீ. ஷாஃப்ட், டாலரன்ஸ் கூட்டியோ குறைத்தோ 0.02 என்றால், 24.98 ≤ க ≤ 25.02. ஸ்னாப் கேஜில் 'கோ' பக்கம் நுழைய வேண்டும்; 'நோ-கோ' பக்கம் நுழையக் கூடாது. இரும்பில் செய்த இரண்டு அசமன்பாடுகள் அவை! சமன்பாடு ஒரு புள்ளியைக் காட்டும். நம் தொழிலோ எல்லைகளுக்குள் நடக்கிறது.

போட்டுப் பாருங்கள்

(அ) 4க − 3 = 2க + 9
(ஆ) 5 − 3க ≥ 11
(இ) க² = 7க

விடைகள்: (அ) 6, (ஆ) க ≤ −2, (இ) 0, 7.

மூன்றும் வந்துவிட்டதா? பிறகென்ன, பழைய கேள்வித்தாளை எடுங்கள். வராவிட்டால் பக்கத்து பெஞ்சில் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. அடுத்த ரிசல்ட்டில் நம் வகுப்பில் கணக்கு அரியர் ஒன்றுகூட இருக்கக் கூடாது. வெற்றி நமதே!