ஒன்பது வளைவுப் பாலத்தில் இரும்பு ஏன் இல்லை?

கேள்வி: கண்டிக்குப் போகும் ரயில் பேராதனையில் மகாவலியை இரும்புச் சட்டப் பாலத்தில் கடக்கிறது. ஆனால் எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தில் இரும்பைக் காணோம். உலகப் போருக்கு இரும்பெல்லாம் போய்விட்டதால் கல்லில் கட்டினார்கள் என்கிறார்களே, மெய்யா?
– ஒரு வாசகர், ஹட்டன்

பதில்: சுற்றுலா வழிகாட்டிகளுக்குப் பிடித்த கதை அது. கணக்குத்தான் இடிக்கிறது. போர் 1918 நவம்பரில் முடிந்தது. பாலம் முடிந்தது 1921இல். போர் நின்ற மறுநாளே தட்டுப்பாடு தீர்ந்துவிடுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, இரும்பின் விலையும் யோசனையில் இருந்திருக்கலாம். ஆனால் பொறியியலாளர் ஹரல்ட் மார்வுட் 1923இல் எழுதிய கட்டுரை, தலைப்பிலேயே இதைக் கொங்கிரீட் பாலம் என்கிறது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை வந்தது 1950இல். ஆகவே பாலம் கட்டிய காலத்தில் சீமெந்தும் கப்பலில்தான் வந்தது. 1924இல் பதுளை வரை போட்டு முடித்த தண்டவாளம் மட்டும் இரும்பில்லையா?

காரணத்தைப் பள்ளத்தின் அமைப்பில் தேடுவதே சரி. சட்டப் பாலத்தின் பலம் முக்கோணத்தில் இருக்கிறது. நேரான இரும்புத் துண்டுகளை முக்கோணம் முக்கோணமாகப் பூட்டும்போது ஒவ்வொரு துண்டும் ஒன்றில் இழுபடும், இல்லையேல் அமுங்கும். அதனால் அந்தப் பாலம் நேராகப் போகவே விரும்பும். இங்கே பாதையோ சுமார் 300 அடி நீளத்துக்குப் பிறைபோல வளைகிறது. வளைவில் இரும்புப் பாலம் போடவே முடியாதா என்றால், முடியும்: குறுகிய நேர்த்துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் தேவைக்கு மேல் அகலமாக்கி, ரயில் வெளிப்பக்கம் தள்ளும் விசைக்கும் ஈடுகொடுக்கும்படி செய்யவேண்டும். வளைவுக் கண் வைத்த பாலத்துக்கு அந்தச் சங்கடம் இல்லை. தூணின் வெளிப்பக்கத்தைச் சற்று அகலமாகக் கட்டினால் போதும், பாலம் திரும்பிக்கொள்ளும். கண்களின் மேல் விழும் பாரம் பெரும்பாலும் அமுக்கமாகவே இறங்குவதால் கல்லும் கொங்கிரீட்டும் அதைத் தாங்கிவிடும்.

போரே இல்லாத காலத்திலும் மலைப்பாதைக்காரர்கள் இதைத்தான் செய்தார்கள். 1903இல் திறந்த கல்கா–சிம்லா பாதையில் பாலங்களில் பெரும்பாலானவை இப்படிக் கண் வைத்துக் கட்டியவை. செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகும் பாதையில் தென்மலைக்கு அருகே பதின்மூன்று கண் பாலம் 1904இலேயே கருங்கல்லில் எழுந்தது. அப்போது இரும்பை எந்தப் போர் கொண்டுபோனது?

அப்படியானால் பேராதனையில் ஏன் இரும்பு? அங்கே கீழே ஓடுவது மகாவலி. மழைக்காலத்தில் அதன் வெள்ளத்துக்கு நடுவே தூண்களை நெருக்கி நட்டு, கண் கட்டச் சாரமும் தாங்கிநிற்க வைப்பது பெரும்பாடு. நேராகத் தாண்டவேண்டிய அகன்ற ஆற்றுக்கு இரும்புச் சட்டமே தோது. தெமோதரைப் பக்கப் பள்ளத்திலோ 80 அடி ஆழம் இருந்தாலும், வேண்டிய இடத்தில் தூண் எழுப்ப அப்படி ஓர் ஆறு தடையாக இல்லை.