பழைய ஓம்னி சூடாகுதா? காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் பாரு

தங்கச்சி, பழைய ஓம்னி வச்சிருக்கிற வீடுகள்ல அடிக்கடி கேக்கிற புலம்பல் இது: தெர்மோஸ்டாட் மாத்தியாச்சு, ரேடியேட்டர் மாத்தியாச்சு, காசு போச்சு, சூடு மட்டும் போகலை. 1984-ல மாருதி வேனா வந்து, 1988-ல ஓம்னின்னு பேர் மாறி, 2019-ல தயாரிப்பு நின்ன வண்டி அது. இப்போ நம்ம கைக்கு வர்றது எல்லாமே பழசுதான். எந்த பார்ட் போச்சுன்னு தேடுறதுக்கு முன்னாடி, எப்போ சூடாகுதுன்னு கவனி. பாதி பதில் அதுலயே கிடைச்சிடும்.

1. நின்னா ஏறுது, ஓடினா இறங்குது

அதிராம்பட்டினம் ரயில்வே கேட்ல நிக்கும்போது டெம்பரேச்சர் மீட்டர் முள் ஏறி, கேட் திறந்து ஓட ஆரம்பிச்சதும் இறங்கினா, சந்தேகம் ரேடியேட்டர் ஃபேன் மேலதான். ஓடும்போது காத்து தானா அடிக்கும். நிக்கும்போது ஃபேன் மட்டுந்தான் துணை. முதல்ல ஃபியூஸ், அப்புறம் ரிலே, ஃபேன் சுவிட்ச், கடைசியாத்தான் மோட்டார். பேட்டரியில இருந்து மோட்டாருக்கு நேரா கரண்ட் கொடுத்துப் பாக்கச் சொல்லு. சுத்தினா மோட்டார் நல்லாயிருக்கு, அதை மாத்த விடாதே. கடல் காத்துல கனெக்டர் முனை பச்சை பூத்துப் போயிருக்கும். சுரண்டித் துடைச்சு மாட்டினாலே சில வண்டியில ஃபேன் ஓட ஆரம்பிச்சிடும்.

2. நிக்கும்போது சரி, தூரம் ஓடினா ஏறுது

பட்டுக்கோட்டை வரைக்கும் ஒண்ணும் தெரியாது. தஞ்சாவூர் எட்டுறதுக்குள்ள முள் மேல போயிடும். இது பெரும்பாலும் ரேடியேட்டர் அடைப்பு. அறுவடை நேரத்துல நம்ம பக்கம் ரோட்டுலயே நெல்லைக் காயப்போடுறாங்க. அந்தப் பதரும் வைக்கோல் தூசியும் ரேடியேட்டரோட மெல்லிய தகடுங்க (ஃபின்) இடுக்குல போய் அடைஞ்சுக்கும். இன்ஜின் ஆறினதும் டார்ச் அடிச்சுப் பாரு. இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமா, மெதுவாத் தண்ணி விட்டுக் கழுவணும். வாட்டர் சர்வீஸ் கன்னால அழுத்தி அடிச்சா ஃபின் மடங்கிடும். விரல் பட்டதும் ஃபின் பொடியா உதிர்ந்தா உப்புக் காத்து தின்னுடுச்சுன்னு அர்த்தம். ரேடியேட்டரை மாத்தத்தான் வேணும்.

வெளியே சுத்தமா இருந்தும் ஏறினா உள்ளே அடைப்பு. வண்டி சூடாயிருக்கும்போது மேல் ஹோஸ் கொதிச்சு, கீழ் ஹோஸ் சில்லுன்னு இருந்தா அதுதான் அடையாளம். தொடும்போது ஃபேன், பெல்ட் பக்கம் கையும் துப்பட்டாவும் போகாம பாத்துக்க.

3. கிளம்பின கொஞ்ச நேரத்துலயே ஏறுது

முதல்ல கூலன்ட் இருக்கான்னு பாரு. இருந்தும், முள் மேல போன பிறகுகூட மேல் ஹோஸ் சுடலைன்னா தெர்மோஸ்டாட் மூடியே நிக்குது, இல்லைன்னா வாட்டர் பம்ப் தள்ளலை. தெர்மோஸ்டாட்டை வீட்லயே சோதிக்கலாம். கழட்டி, நூல்ல கட்டி, சமையலுக்கு எடுக்காத பழைய சட்டித் தண்ணிக்குள்ள தொங்கவிட்டு அடுப்புல வை. 82 டிகிரி வாக்குல வால்வு மெல்ல விலகணும். தண்ணி தளதளன்னு கொதிச்சும் திறக்கலைன்னா தூக்கிப் போடு. ஆனா புதுசு மாட்டாம வெறுமனே ஓட்டாதே. இன்ஜின் சரியான சூட்டுக்கு வராம பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

4. ஒழுகல் இல்லை, ஆனா கூலன்ட் குறையுது

இது பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட். ஆயில் மூடியைத் திறந்தா உள்பக்கம் வெளுத்துக் குழைஞ்ச படிவு, சைலன்சர்ல விடாம வெள்ளைப் புகை, ஆறின வண்டியை மூடி திறந்து ஸ்டார்ட் பண்ணினா ரேடியேட்டர்ல நிக்காம குமிழி. இதுல ரெண்டு சேர்ந்து வந்தா வண்டியை ஓட்டாதே. எல்பிஜி கிட் போட்ட வண்டின்னா ஒண்ணு கூடுதலாப் பாரு: கிட்டோட வேப்பரைசருக்கும் கூலன்ட் ஹோஸ் போகும். அந்த இணைப்புல கசிவோ ஏர்லாக்கோ இருந்தாலும் சூடாகும்.

5. இதெல்லாம் செய்யாதே

• சூட்டோட ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே. உள்ளே குக்கர் மாதிரி அழுத்தம். தண்ணி 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காம நிக்கும். திறந்த நொடியில முகத்துல அடிக்கும். அரை மணி நேரமாவது ஆறவிடு.

• கொதிக்கிற இன்ஜின்ல பச்சைத் தண்ணி ஊத்தாதே. ஹெட் அலுமினியம், வளைஞ்சிடும், விரிசலும் விடும்.

• போர் தண்ணி ஊத்தவே ஊத்தாதே. கடலோரத் தண்ணியில உப்பு. உள்ளே படிஞ்சு குழாயை அடைக்கும், உலோகத்தை அரிக்கும். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் டப்பாவுல போட்டிருக்கிற அளவுப்படி கலந்து ஊத்து.

• கூலன்ட் இனிக்கிற விஷம். மிச்சத்தைப் பிள்ளைங்களும் ஆடும் பூனையும் எட்டாத இடத்துல வை.

6. வாங்கும்போதே பாத்துடு

காலையில, விக்கிறவர் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி போ. முன் சீட்டைத் தூக்கினா இன்ஜின் தெரியும். ஆறின நிலையில ரேடியேட்டர் மூடியைத் திற. கூலன்ட் துருப்பிடிச்ச செந்நிறமா இருந்தா உள்ளே அரிப்பு ஓடுது. அப்புறம் ஃபேன் ஒரு தடவை தானா சுத்தி நிக்கிற வரைக்கும் இன்ஜினை ஓடவிடு. முள் அசையவே இல்லைன்னா சந்தோஷப்படாதே, மீட்டரோ சென்சாரோ செத்திருக்கலாம். கூலன்ட் சுத்தமா வத்தினாலும் சென்சார் சரியாக் காட்டாது.

கடைசியா ஒண்ணு, மனசுல ஆழமாப் போட்டுக்க. முள் சிவப்பைத் தொட்டா, வீடு பக்கத்துலதானேன்னு ஓட்டாதே. உடனே ஓரங்கட்டி ஆஃப் பண்ணு. கேஸ்கெட்டோட முடியுற வேலையை மொத்த இன்ஜின் வேலையா மாத்துறது அந்தக் கடைசி ரெண்டு கிலோமீட்டர்தான்.