இயந்திரம் வாங்குமுன் உதிரிப்பாகத்தைக் கேளுங்கள்

"கை உழவு இயந்திரம் வாங்கப் போகிறேன், எந்த ரகம் நல்லது?" என்று பதுளையில் என் கடைக்கு வருவோர் கேட்பதுண்டு. நான் முதலில் என் நஷ்டத்தைத்தான் சொல்வேன்.

வாடகைக்கு விடும் எண்ணத்தில், விலை குறைவென்று அதிகம் புழக்கத்தில் இல்லாத ஓர் இயந்திரத்தை வாங்கினேன். எஞ்சினில் குறையில்லை. மஹியங்கனையில் பெரும்போக உழவு நடக்கும்போது கியர் பொக்ஸில் ஒரு பற்சக்கரம் உடைந்தது. பதுளையிலும் இல்லை, கொழும்பிலும் இல்லை. தேடிப் பிடித்தபோது உழவே முடிந்துவிட்டது. மிச்சம் பிடித்த காசைவிட இழந்த வாடகை அதிகம்.

ஜப்பானின் கியூபோட்டா விலை கூடியதுதான். ஆனால் நம் நாட்டில் பல்லாண்டாக ஓடுவதால் பெல்ட், பேரிங், ஒயில் சீல் தேடி அலைய வேண்டியதில்லை. பாஸ்மாருக்கும் கை பழகியது. நாலு சக்கரத்தில் சென்னை டாஃபே நிறுவனத்தின் இயந்திரங்களுக்கும் இதே பலம் உண்டு. சீன இயந்திரம் கூடாதென்பதல்ல. முகவர் பாகங்களை வைத்திருக்கிறாரா என்பதே கேள்வி.

2022இல் 200 ரூபாவளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐ எட்டியதை மறந்துவிடாதீர்கள். அப்படியான காலத்தில் கைகொடுப்பது கடையில் உள்ள கையிருப்புதான்.

ஆகவே முற்பணம் கொடுக்குமுன், விற்பவரிடமல்ல, வேறொரு உதிரிப்பாகக் கடையில் மூன்று பாகங்களின் விலையைக் கேளுங்கள். இரண்டு இல்லையென்றால், இயந்திரம் எவ்வளவு மலிவென்றாலும் திரும்பி வந்துவிடுங்கள்.